இடுப்பில்லாத குளவி

டோமே என்றால் 'போதும், நிறுத்து' என்று பொருள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு அப்பன் வைத்த பெயர். அகாகி மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அவளுக்கு அதே மரியாதைதான். புருஷன் போரிலிருந்து திரும்பவில்லை. மிஞ்சியது எட்டு வரிசை மல்பெரிச் செடியும் மகள் ஃபுசாவும். அந்த இலையில் பட்டுப்புழு வளர்த்துத்தான் மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். செடி போனால் படிப்பும் போச்சு.

அவள் கண் பொல்லாத கண். வயிற்றுக் கோட்டைப் பார்த்தே எந்தச் சிலந்தி என்று சொல்வாள். பட்டுப்புழு மேல் முட்டையிடும் ஈ ஒன்று பறந்தால், "நம்ம புழுவுக்கு எமனா வந்த சனியன் இது, கதவச் சாத்துடி!" என்று கத்துவாள்.

அந்தக் கோடையில் மல்பெரித் தண்டுகளில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட பூச்சிகள் ஊர்ந்தன. ஊரே பார்த்தது, குளவி என்று கும்பிட்டுவிட்டுப் போனது. இலை தின்னும் புழுக்களைக் குளவி தூக்கிக்கொண்டு போவதால், மல்பெரித் தோட்டத்தில் அதை அடிப்பது அங்கே பெரும்பாவம். முதல் துளிர் நாளில் அதற்கு அரிசி மது தெளிப்பார்கள்.

டோமே ஒன்றை வெறுங்கையால் பிடித்து, புருஷனின் அண்ணன் தொகுஜியிடம் கொண்டுபோனாள். பட்டுச் சங்கத் தலைவர் அவர்தான்.

"மாமா, இது குளவியே இல்ல. குளவிக்கு இடுப்பு நூலாட்டம் இருக்கும். இதுக்கு எங்க இடுப்பு? முதுகுல ஓடு, நடுவுல பிளவு. இது வண்டு. செடிப் பட்டையில முட்ட வைக்குது. கையில புடிச்சிருக்கேன், கொட்டவே இல்ல பாருங்க."

"உன் நாக்குக்கு பயந்து கொட்டாம இருக்கும்!" என்றார் தொகுஜி. கூட இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "நாலாங்கிளாஸ் தாண்டாதவ குளவிக்கு இடுப்பு அளக்க வந்துட்டா."

அவள் தன் வரிசைகளில் இருந்ததையெல்லாம் நசுக்கிப் போட்டாள். யாரோ பார்த்துவிட்டார்கள். வீடு பற்றி எரிந்தால் வருவோம், பிணம் விழுந்தால் வருவோம், மற்றதற்கு அவள் வாசலை மிதிக்க மாட்டோம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. சங்கம் வாங்காததால், இரண்டு வருடம் பட்டுக்கூடுகளை முதுகில் கட்டி டவுனுக்கு நடந்தாள். ஃபுசாவோடு ஒரு பிள்ளை பேசவில்லை. என்ன ஊரோ, என்ன மனுஷரோ!

மூன்றாம் வசந்தத்தில் ஊர்ச் செடிகள் கருகின. மாவட்ட அதிகாரி லென்ஸோடு வந்து தண்டைப் பிளந்து காட்டினார். உள்ளே வண்டின் புழுக்கள். "குளவி வேஷம் போட்ட வண்டு" என்றார். "ஐயா கண்ணே கண்ணு!" என்று அவருக்கு விருந்து வைத்தார்கள். விருந்து வேலைக்கு ஆள் வேண்டுமே, டோமேயைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். 'தப்புப் பண்ணிட்டோம்' என்று ஒரு வாய் சொன்னதா? இல்லை.

அதிகாரி போன பிறகு, கோடை வந்ததும், தொகுஜியே ஒரு பூச்சியைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டியில் குத்தி, ஊர்ப் பொதுக்கூடத்தில் மாட்டினார். 'இதைக் கண்டால் கொல்லவும்' என்று எழுதி, கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டார். டீ ஊற்ற வந்த டோமே பெட்டியைப் பார்த்தாள். இடுப்பு நூலாக இருந்தது. அசல் குளவி.

"மாமா..."

"என்ன, மறுபடியும் இடுப்பு அளக்கப் போறியா? டீய ஊத்து."

அன்று காலைதான் முதல்முறையாக இரண்டு சிறுமிகள் ஃபுசாவைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றிருந்தார்கள். டோமே டீயை ஊற்றினாள்.

ஊர் திரண்டு குளவிக் கூடுகளை எரித்தது. தண்டில் ஊர்ந்த வண்டுகளைப் பெட்டியோடு ஒப்பிட்டு, "இதுக்கு இடுப்பு இல்ல, இது வேற" என்று விட்டுவிட்டது. டோமே பகலெல்லாம் தன் வரிசைகளில் வண்டு பொறுக்கினாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. இரண்டே வருடத்தில் அவளுடைய எட்டு வரிசையும் காய்ந்தது.

பள்ளியை விட்டு நூல் ஆலை வேலைக்குக் கிளம்பிய காலையில், துணிமூட்டையைக் கட்டிக்கொண்டே ஃபுசா கேட்டாள்: "அந்தப் பெட்டியில இருந்தது குளவின்னு உனக்குக்கூடத் தெரியலியாம்மா?"

"தெரியும்டி," என்றாள் டோமே.