சத்தியபாமாவுக்கு லிஃப்ட் கொடுத்த கதை

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த முகம் ஒன்று தெருவில் நடந்து போனால் காரை நிறுத்தாமல் போக முடியாது. குளிர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மனிதர் டொக்டர் சொன்னபடி உடம்பு இளைக்க நடந்துகொண்டிருக்கலாம். அதெல்லாம் நமக்கு எதற்கு? கதவைத் திறந்து, ஆளை உள்ளே போட்டு, எங்காவது கொண்டுபோய் இறக்கினால்தான் நமக்கு மூச்சு வரும். எனக்கு இந்த வியாதி முற்றிவிட்டது என்று என் மனைவி இராஜேஸ்வரி சொல்லுவாள். அவள் சொல்வதை நான் வழமையாக ஏற்றுக்கொள்வதில்லை. சத்தியபாமாவின் விடயத்தில் ஏற்றுக்கொண்டேன்.

எனக்கு அறுபத்தேழு வயது. பெயர் வரதராஜா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தினமும் விடியற்காலையில் வன்டேர்னாவிலுள்ள வீட்டிலிருந்து பேசின் என்ற ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் பூவும் பாலும் கொண்டுபோகிறவன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், இங்கே அது இலையுதிர்காலம், மணி ஆறு ஆகவில்லை, இன்னும் இருட்டு. மவுண்டன் ஹைவேயில் போய்க்கொண்டிருக்கிறேன். வெளியே நாலு பாகைக் குளிர் என்று கார் காட்டுகிறது. மரங்கள் கொட்டிய இலையெல்லாம் நடைபாதையில் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு சைக்கிள் வருகிறது. ஹெல்மெட்டுக்குக் கீழே கம்பளிச் சால்வை, கையில் மீன்கடைக்காரர் போடுவது போன்ற தடித்த கையுறை. தெருவிளக்கு முகத்தில் விழுந்தபோது பார்த்தால், நம் சத்தியபாமா.

கோயிலில் அவளைத் தெரியாதவர் இல்லை. திருவிழாவில் முந்நூறு பேருக்குத் தனியே நின்று சமைத்து இறக்கக்கூடியவள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அடுத்த திருப்பத்தில் காரைத் திருப்பிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை இது? இந்தக் குளிருக்கை சைக்கிளிலை? ஏறு!"

"இல்லை அங்கிள், நான் இப்பிடியே போறன். வேலைக்கு நேரமாகுது."

"என்ன கதை கதைக்கிறாய்! விறைச்சுப் போவாய். ஏறெண்டால் ஏறு."

பெரியவர் சொன்னால் அவள் மறுத்துப் பேசமாட்டாள். அதுதான் அவளுக்கு வந்த வினை. சைக்கிள் டிக்கிக்குள் போகவில்லை. பூ வாளிகளை எடுத்துப் பின் சீற்றில் வைத்து, சைக்கிளின் பாதியை உள்ளே தள்ளி, மீதியை நான் கோயிலில் மாற்றுவதற்கு வைத்திருந்த வேட்டியால் கட்டினேன். கட்டு அவிழ்ந்தது. மறுபடி கட்டினேன். வழி முழுக்க கணவன் அருந்தவன் எப்படி, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தேன். விசாரிக்கிறபோது நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் வாசலில் இறங்கிய சத்தியபாமா நன்றி சொல்லிவிட்டு, சைக்கிளைக்கூட இறக்காமல் உள்ளே ஓடினாள். நல்ல காரியம் செய்த திருப்தியில் நான் சைக்கிளை இறக்கிச் சுவரோடு சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

அங்கே பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "பாவம், அந்தப் பிள்ளை சைக்கிளிலை வேலைக்குப் போகுது" என்று இரண்டு பேரிடம் சொன்னேன். மத்தியானப் பூசைக்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. அருந்தவன் காரை அடித்து நொறுக்கிவிட்டானாம். இல்லை, இவளுடைய லைசென்ஸ் போய்விட்டதாம். அதுவும் இல்லை, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

அடுத்த வாரம் இரஞ்சிதம் அவளைப் பிடித்தாள். இரஞ்சிதம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தாதி. வாய் திறந்தால் மூடுவது கஷ்டம், மனம் தங்கம். சத்தியபாமாவை மறித்து, காரில் இருத்தி, ஃபிளாஸ்கில் மிச்சம் இருந்த தேத்தண்ணியைக் குடிக்க வைத்து, குடும்பம் என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துப்போ என்று கால் மணித்தியாலம் புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். எதைப் பொறுப்பது என்று சத்தியபாமாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லையாம்.

இனியும் சும்மா இருக்கக்கூடாது என்று நான் களத்தில் இறங்கினேன். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். விடியற்காலையில் அந்தப் பக்கம் காரில் ஓடுகிற நம் ஆட்கள் ஏழு பேரைப் பிடித்தேன். திங்கள் யார், செவ்வாய் யார் என்று அழகாகப் பட்டியல் போட்டு, அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பின்னேரம் இராஜேஸ்வரியோடு பேஸ்வாட்டரிலுள்ள அவள் வீட்டுக்குப் புறப்பட்டேன். சத்தியபாமா கண்கலங்குவாள், நான் "இதெல்லாம் என்ன பெரிய விசயம் பிள்ளை" என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் வழியில் யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டில் அருந்தவன் இரவு வேலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். சண்டை பிடித்த வீடு மாதிரித் தெரியவில்லை. சைக்கிளைக் குசினி வாசலில் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கதிரையில் இருத்திவிட்டு சத்தியபாமா பட்டியலை வாங்கி வாசித்தாள். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் நான் எதிர்பார்த்த கலக்கம் அது இல்லை.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ," என்றாள். "உங்களாலை ஒருக்கா பிந்திப் போனன். இரஞ்சிதம் அன்ரியாலை ஒருக்கா பிந்திப் போனன். இன்னும் ஒருக்கா பிந்தினால் என்ரை வேலை போயிடும்."

பிறகுதான் முழுக்கதையும் வந்தது. மூன்று வருடமாக அந்த முதியோர் இல்லத்துக் குசினியில் அவள் கோப்பை கழுவுகிறாள், கிழங்கு உரிக்கிறாள். அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். ஏப்ரலில் காலைச் சாப்பாடு செய்கிற சமையல்காரர் வேலையை விட்டுப் போனதும், மேலாளர் ஹெலனிடம் தானே போய்க் கேட்டிருக்கிறாள். ஆறு வாரம் செய்து காட்டு என்று ஹெலன் சொன்னாளாம். ஆறேகாலுக்கு அடுப்பு எரிய வேண்டும். அறுபத்திரண்டு பேருக்கு நேரத்துக்குச் சாப்பாடு, அதோடுதான் மாத்திரை. மூன்று தடவை பிந்தினால் வேறு ஆள். அந்த நேரத்தில் கார் அருந்தவனோடு டண்டனோங் தொழிற்சாலையில் நிற்கும், பஸ்ஸும் சரிவராது. யாரோ வேண்டாம் என்று தெருவோரம் போட்டிருந்த சைக்கிளை அருந்தவன் தூக்கி வந்து திருத்திக் கொடுத்திருக்கிறான். இது ஐந்தாவது கிழமையின் முடிவு. இன்னும் ஐந்து நாள்தான்.

"அந்த ஓட்ஸ் கஞ்சியை நீங்கள் பாக்க வேணும் அங்கிள், கழுநீர் மாதிரி இருந்தது. நான் வைக்கத் தொடங்கின பிறகு கிழவன் கிழவியெல்லாம் இரண்டாந்தரம் கேக்கினம். எனக்கு அந்த அடுப்பு வேணும்."

இராஜேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"எண்டாலும் பிள்ளை, இந்தக் குளிரிலை உனக்கு எவ்வளவு கஷ்டம்," என்று ஏதோ முனகினேன்.

அறைக்குள்ளிருந்து மகள் லக்சிகா தலையை நீட்டினாள். "ஷீ லவ்ஸ் இட், அங்கிள்," என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

சத்தியபாமா வெட்கத்தோடு சிரித்தாள். "ஓம் அங்கிள். முதல் பத்து நிமிசம் அழுகை வரும். மூக்கு ஓடும், விரல் ஒண்டும் என்ரை விரல் மாதிரி இருக்காது. பிறகு உள்ளுக்கை ஒரு சூடு பிடிக்கும் பாருங்கோ! ஆரோ வீட்டிலை விறகு எரியிற மணம் வரும். தெரு முழுக்க எனக்கெண்டு கிடக்கும். சத்தமாய்ப் பாட்டுப் படிச்சுக்கொண்டு போவன். நாள் முழுக்க எல்லாருக்கும் ஏதோ ஒண்டு செய்துகொண்டுதான் இருக்கிறன். அந்த அரை மணித்தியாலம் எனக்கு."

பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழுவில் எழுதினேன்: வெள்ளிக்கிழமை வரை சத்தியபாமாவைக் கண்டால் யாரும் காரை நிறுத்தக்கூடாது. உடனே கலகம். கண்டும் காணாத மாதிரிப் போவதா? அது என்ன மனிசத்தன்மை? என்று இரஞ்சிதம் குரல் பதிவே மூன்று நிமிடத்துக்குப் போட்டாள். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். நிறுத்தாமல், லைட்டை மட்டும் ஒருதரம் மினுக்கிவிட்டுப் போவது.

அந்த வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். திங்கள் காலை தூரத்தில் அவளுடைய சின்ன விளக்கு ஆடிக்கொண்டு வந்தது. நான் மினுக்கினேன். அவள் கையை உயர்த்தினாள். செவ்வாயும் அப்படியே. ஆளாளுக்குக் குழுவில் செய்தி போட்டார்கள்: "கண்டேன், மினுக்கினேன், நிறுத்தவில்லை." ஒருவரை நிறுத்தாமல் கடந்து போவது இவ்வளவு பெருமையான காரியம் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. கார் ஒரு பாகை காட்டியது, பனிமூட்டம் வேறு. சத்தியபாமா அன்று எதிர்ப்பக்கத்து ஓரத்தில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். கடைசி நாள் அல்லவா, எவ்வளவு உற்சாகம் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருதரம் அல்ல, மூன்றுதரம் மினுக்கிவிட்டுப் போனேன்.

கோயிலில் வேட்டி மாற்றி, பூவை இறக்கிவிட்டுப் போனைப் பார்த்தேன். இரஞ்சிதம் எழுதியிருந்தாள்: "பிள்ளை இண்டைக்கு இரண்டு கையாலும் காட்டினவா. எனக்கு அழுகை வந்திட்டுது. நிக்கேல்லை." அதற்குக் கீழே இன்னொருவர்: "எனக்கும் காட்டினவா. துள்ளித் துள்ளிக் காட்டினவா." எல்லோரும் இதயம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். உடனே, குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரி வீட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"உங்களுக்கு மூளை இருக்கோ? அந்தப் பிள்ளை மறிச்சிருக்குது! சைக்கிளுக்கு ஏதோ நடந்திட்டுது!"

அவளுடைய அடுப்பு, மூன்று வருடம், ஆறு கிழமை, எல்லாவற்றிலும் நான் மண் அள்ளிப் போட்டுவிட்டேன். வந்த வழியே காரைத் திருப்பினேன். சைக்கிள் ஒரு கம்பத்தில் பூட்டிக் கிடந்தது, ஆளில்லை. முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். பின்பக்கத்தில் குசினிக் கதவு. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய அண்டாவுக்கு முன்னால், முகம் தக்காளி மாதிரிச் சிவந்துபோய், சத்தியபாமா கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் கதவைத் திறந்தாள். "ஏன் அங்கிள் நிக்காமல் போனனீங்கள்? நாலு கார்! நாலு காருக்குக் கையைக் காட்டினனான்! எல்லாரும் லைட்டைப் போட்டுப் போட்டுப் போகினம்!"

"நீதானே பிள்ளை நிக்க வேண்டாமெண்டு..."

அதற்கு மேல் அவளிடம் கோபம் நிற்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சங்கிலி கழன்று சில்லுக்குள் இறுகிவிட்டதாம். விறைத்த விரலால் எடுக்க முடியவில்லையாம். பிறகு?

"ஓடினனான்."

"இரண்டு கிலோமீற்றரோ?"

"ஓம். ஹெல்மெட்டோடை. ஆறு பதின்மூண்டுக்கு உள்ளுக்கை வந்திட்டன். ஆறு கிழமை சைக்கிள் மிதிச்ச கால் அங்கிள், எனக்கே தெரியாது இப்பிடி ஓடுமெண்டு."

சைக்கிளை நான் எடுத்து வருகிறேன் என்று சாவியை வாங்கினேன். கொளுவியில் தொங்கிய ஹெல்மெட்டையும் கேட்டேன். ஏன் என்றாள். சும்மா என்றேன்.

கம்பத்தடிக்குத் திரும்பிப் போய், காரிலிருந்த திருப்புளியால் நெம்பினேன், சங்கிலி வந்துவிட்டது. டிக்கி காலியாகத்தான் இருந்தது, இம்முறை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். காரைக் கடைத்தெருவில் விட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஜக்கெட்டை இழுத்து மூடி, ஏறினேன். முதலில் அவள் சொன்ன அழுகை வந்தது. காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். விடிந்துவிட்டிருந்தது, பனிக்குள்ளால் மஞ்சள் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. பிறகு, அவள் சொன்னபடியே அந்தச் சூடு பிடித்தது. அட, இதற்கா பாவம் பாவம் என்று ஏழு காரைத் திரட்டினேன் என்று வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு நாய்க்காரர் விலகி நின்றார்.

குசினிக் கதவடியில் நான் இறங்கியபோது ஏழரை தாண்டிவிட்டது. சத்தியபாமா ஓடி வந்தாள். ஹெலன் இப்போதுதான் வந்து இரண்டாவது கோப்பை கஞ்சியோடு சொல்லிவிட்டுப் போனாளாம், திங்கட்கிழமையிலிருந்து அடுப்பு அவளுடையது. அவள் தலையில் கையை வைத்தேன்.

பிறகுதான் என் மடித்த வேட்டியையும் ஹெல்மெட்டையும் கவனித்தாள்.

"சைக்கிளிலையோ வந்தனீங்கள்? இவ்வளவு நேரமாய் எங்கை நிண்டனீங்கள்? எத்தனை கார் மறிச்சது?"

"மூண்டு," என்றேன். "இரண்டு பேருக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். மூண்டாவது இரஞ்சிதம், கடைக்கு வெளிக்கிட்டு வந்தவ. வரதராஜா அண்ணை, காருக்கு என்ன நடந்தது, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ எண்டு கால் மணித்தியாலம்..."

"அப்ப பிந்திப் போனியள்," என்றாள் அந்த இல்லத்தின் காலைச் சமையல்காரி. "உள்ளுக்கை வாங்கோ, கஞ்சி ஆறுது."