சீசியம் கொடுத்த அண்ணன்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குச் சென்டிமீட்டர் என்று பெயர். ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுக்கும் சேற்றை ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்து, உலர்த்தி, கதிர்வீச்சை எண்ணும் கருவிக்குள் வைப்பது அவள் வேலை. பக்கத்து மேஜைக்காரி நான். அவள் ரொட்டியைக்கூட அளவுகோல் வைத்துத்தான் வெட்டுவாள். பார்க்க எரிச்சலாக வரும்.

அந்தக் காலத்தில் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில், சீசியம் என்ற கதிர்வீச்சுத் தூசி உலகமெங்கும் விழுந்தது. 1963 வாக்கில்தான் அதிகம். சேற்றில் சீசியம் எங்கே உச்சமோ அது 1963. அதற்கு மேலே இருப்பது பிற்பாடு படிந்தது, கீழே இருப்பது முன்பே படிந்தது. அவ்வளவுதான் சங்கதி.

அவள் வீட்டில் அப்பாவும் இருக்கிறார், மாமனாரும் இருக்கிறார். யார் மூத்தவர் என்று பத்து வருஷமாகச் சண்டை. மாமனார் பிறந்தது 1963, சான்றிதழ் இருக்கிறது. அப்பாவோ இதே ஏரியில் வெள்ளம் மணலைக் கொட்டிய அன்று பிறந்தவர். அது எந்த வருஷம் என்று ஒருவருக்கும் தெரியாது.

"உன் சேத்துலயே பாத்துச் சொல்லும்மா. சின்னவர் பெரியவரை அண்ணான்னு கூப்பிடணும்," என்றார் மாமனார். யார் தோற்றாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போவது தன்னிடம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

குழாயில் மணல் வரி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பொறுமையில்லாமல் அதைச் சுற்றியிருந்த துண்டுகளை மட்டும் எண்ணினாள். மணல், உச்சத்துக்கு நாலு சென்டிமீட்டர் கீழே. அப்பா ஜெயித்தார். அன்று மாலையே மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு "அண்ணா" என்றார்.

அடுத்த வாரம் மீதித் துண்டுகளையும் எண்ணி முடித்தாள். குண்டுகளுக்கு முன்பு உலகில் இல்லாத சீசியம் அடிச்சேற்றில் இருக்கிறது, மேல்சேற்றில் துளிகூட இல்லை.

"அப்படின்னா குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே தூசி விழுந்துடுச்சா? காலம் பின்னாடி போகுதா?" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. குழாயைத் தலைகீழாக வைத்துத் துண்டுகளுக்கு எண் போட்டிருக்கிறாள். ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாதவள் முழு ஏரியையும் கவிழ்த்துவிட்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மாமனார் கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் குழாயைத் தலைகீழா வெச்சுட்டேன். நீங்கதான் மூத்தவர்."

மாமனார் குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆறு பேருக்கு மூத்தவம்மா நான். 'அண்ணா, என்ன பண்ணலாம்'னு ஆயுசு முழுக்க எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. இந்த ஒரு வாரமாத்தான் நானும் ஒருத்தர்கிட்ட கேக்குறேன். ஆபீஸ்ல சரியா எழுதிக்கோ. இங்க சொல்லாத."

குளியலறைக் கதவு திறந்தது.

"அண்ணா, நான் எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?" என்றார் மாமனார்.