வெங்காயக் கொட்டிலுக்குள் இறங்கிய திமிர்வாதக்காரன்

அன்பான சகோதர சகோதரிகளே, பொறுமையாகச் சாட்சி சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி, கோபம் வந்த இடத்தில் கோபத்தோடுதான் சொல்வேன். ஆண்டவருக்கு என் குணம் தெரியும்.

என் கணவர் ஒரு மேசன். கோப்பாயில் கிணறு கட்ட வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். நான்கு வருடங்களுக்கு முன், மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன், எங்கள் ஆலயத்தின் கூரை ஓடுகளை மாற்ற ஏறினார். பாதி ஓடுகளை மாற்றியபோது கால் வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போய்விட்டது.

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ஒன்று சொன்னார்.

“ஆண்டவரின்ரை வீட்டுக் கூரையிலை ஏறினதுக்கு அவர் தந்த கூலியோ இது? இனி அந்த வாசல் பக்கம் நான் வரமாட்டன்.”

அதோடு வாயை மூடிக்கொண்டார். எது கேட்டாலும் ஓம், இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். யன்னலைத் திறக்க விடமாட்டார். சக்கர நாற்காலி ஒன்று தந்தார்கள். அதில் தோய்த்த உடுப்புகளை மடித்து வைத்ததுதான் நான் கண்ட பலன். இருபத்தைந்து வருடம் என்னோடு ஓயாமல் கதைத்த மனிதர்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். உரத்த குரலில் ஜெபிப்பார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, உம்மடை விசுவாசத்திலை எங்கையோ ஒரு குறை இருக்கு” என்பார்கள். நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொல்வார்கள்! அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அழுவேன். அவர் நடக்க வேண்டும் ஆண்டவரே, நடக்க வேண்டும். இதையேதான் கேட்டேன்.

போன வருடம் சபையின் ஆண்டு விழாவுக்கு வாலிபர்கள் ஒரு குறும்படம் எடுக்க முடிவு செய்தார்கள். என்ன கதை தெரியுமா? திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிவந்து, கூரையைப் பிரித்து, இயேசுவுக்கு முன்னால் இறக்கிய கதை. வேதத்தில் வேறு கதையே இல்லையா? ஓட்டுக் கூரையைப் பிரிக்க யாரும் விடமாட்டார்கள். தென்னோலையில் பின்னிய கிடுகு என்றால் கழற்றிவிட்டுத் திரும்பவும் வேயலாம். கிடுகு வேய்ந்த வெங்காயக் கொட்டில் எங்கள் வீட்டு வளவில்தான் இருந்தது. அதில்தான் படம் எடுக்கப்போகிறார்கள் என்பதை ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவித்தபோதுதான் நானே கேள்விப்பட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் எப்படி மறுப்பது?

படம் எடுக்க வரும் சனிக்கிழமை விடிந்ததும் குசினியில் அடுப்புக்கு முன் நின்று ஜெபித்தேன். ஜெபமென்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. சண்டை பிடித்தேன். “ஆண்டவரே, அவருடைய கால்களைத் தாரும். அது முடியாவிட்டால் அவர் என்னோடு ஒரு வார்த்தையாவது கதைக்கட்டும். ஏசினாலும் பரவாயில்லை” என்றேன்.

எட்டு மணிக்கு வந்து இறங்கினார்கள். டிலக்சன் என்ற பெடியன்தான் இயக்குநர். வந்ததும் வராததுமாக என் யன்னல் சீலைகளைக் கழற்றிப் பரிசேயருக்கு அங்கி ஆக்கினான். ஆண்டவரின் முகத்தைக் காட்டக் கூடாது என்று சபைப் பெரியவர்கள் சொல்லியிருந்ததால் கை மட்டும்தான் படத்தில் வரும். அந்தக் கையில் மணிக்கூடு இருந்ததை மூன்றாம் முறை எடுக்கும்போதுதான் கண்டார்கள். திமிர்வாதக்காரனாகப் படுத்த சாம் கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருந்தான். இதற்கிடையில், விளக்குக்கு மின்சாரம் எடுக்கிறேன் என்று என் கணவரின் அறை யன்னலை வெளியிலிருந்து திறந்து, வயரை உள்ளே விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. “அன்ரி, அஞ்சு நிமிசம்தான்” என்றான் டிலக்சன். அவனுடைய ஐந்து நிமிடம் மதியம் வரை போனது.

நான்கு பெடியன்கள் கூரையில் ஏறி, நடுவில் கிடுகைக் கழற்றிவிட்டு, கூரையைத் தாங்கும் முகட்டு வளை மரத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சாக்குக் கட்டிலின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, வெற்றுக் கட்டிலை இறக்கிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு வேகத்தில் விட்டார்கள். கட்டில் சரிந்து என் வெங்காயக் குவியலில் போய்க் குத்தியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறைக்குச் சாமைப் படுக்க வைத்துக் கட்டிலை மேலே இழுக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“டேய்! இறங்குங்கோடா! உந்த வளை உக்கினது! கட்டிலை விட்டிட்டு ஒவ்வொருத்தனா இறங்குங்கோ!”

என் கணவரின் குரல். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரைவாசி எழும்பி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். சாம் கட்டிலிலிருந்து குதித்து ஓடினான், மேலே இருந்த பெடியன்கள் பயந்து இறங்கினார்கள். கடைசி ஆள் காலை நிலத்தில் வைத்ததும் டிலக்சன் ஒரு தடியால் வளையைத் தட்டினான். நடுவில் முறிந்து, கிடுகும் கறையான் புற்று மண்ணுமாகக் கீழே வந்தது. சாம் படுத்திருந்த இடத்துக்கு நேரே!

அடுத்த ஏச்சு எனக்கு.

“நான் விழுறதுக்கு முதல் கிழமையே உனக்குச் சொன்னனான் எல்லே, வளை மாத்தவேணும் எண்டு? மூளையை எங்கை வச்சிருக்கிறாய்?”

சொன்னதுதான். நான்தான் மறந்துபோனேன். ஆனால் சகோதரர்களே, அந்த ஏச்சு என் காதுக்குத் தேனாக இருந்தது. அழுதுகொண்டு நின்றேன்.

“நிண்டு அழாமல் அந்தச் சில்லுக் கதிரையைக் கொண்டுவா” என்றார்.

உடுப்புகளைத் தரையில் கொட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அன்று முற்றத்துக்கு வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு வெயில் பட்டது அந்த முகத்தில். அடுத்த சனிக்கிழமைக்குள் புதுப் பனை வளை போட வைத்தார். கிணற்றுக்குள் கல் இறக்குவது போல, ஒருவன் குரல் கொடுக்க நான்கு பேரும் ஒரே அளவாகக் கயிறு விடப் பழக்கினார். பிறகு சாமைப் பார்த்தார்.

“கால் ஏலாதவன் இப்பிடியோ படுக்கிறது? எழும்பு. நான் படுக்கிறன்.”

“உங்களுக்கென்ன விசரோ?” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

கயிற்றின் முடிச்சுகளை அவரே போட்டார். பெடியன்கள் அவரை மேலே ஏற்றி இறக்கினார்கள். கட்டில் கொஞ்சமும் சரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அடுத்தது, குணமானவன் எழும்பிப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காட்சி. டிலக்சன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

“அதை எடுக்கவேண்டாம் தம்பி. என்னை இறக்கினதோடை நிப்பாட்டு” என்றார் என் கணவர்.

அப்படியே நிறுத்தினார்கள். கூரை ஓட்டையில் நான்கு முகங்கள். கீழே அண்ணாந்து பார்க்கும் அவர். அவர் தோளில் ஒரு கை. அதோடு படம் முடிகிறது.

ஆண்டு விழாவன்று, “படம் எப்பிடி வந்திருக்கெண்டு பாக்கவேணும்” என்று அவராகவே வெளிக்கிட்டார். ஆலயப் படியில் அதே நான்கு பேரும் நாற்காலியைத் தூக்கினார்கள். “ஒரே அளவாத் தூக்குங்கோடா” என்று வாசல் முழுக்க ஏச்சு.

படம் முடிந்ததும் சபைப் பெரியவர் ஒருவர் எழும்பினார். “படம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அற்புதத்தைக் காணேல்லையே?” என்றார்.

மூன்று வருடமாக ஊற்றிய தேத்தண்ணி அத்தனையும் எனக்குள் கொதித்தது. எழும்பினேன்.

“ஐயா, பின்னாலை திரும்பிப் பாருங்கோ. இந்த வாசல் பக்கமே வரமாட்டன் எண்ட மனுசன் வந்திருக்கிறார். உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?”

சபை முழுவதும் திரும்பியது. என் கணவர் மேலே, தான் மாற்றிய ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, சரி, இரு. கத்தாதை” என்றார் என்னிடம்.

அவருடைய கால்கள் இன்னும் வரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல மாட்டேன். தினமும் கேட்கிறேன். ஆனால் இப்போது கிணறு கட்டும் இடங்களுக்கு நாற்காலியில் போய் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் காலை முதல் இரவு வரை என்னை ஏசுகிறார், என்னோடு கதைக்கிறார், சில நேரம் சிரிக்கிறார். நான் கேட்டதில் பாதியை, கேட்ட வார்த்தை பிசகாமல், ஆண்டவர் தந்தார். அதற்கு அவருக்குத் தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். ஜெபியுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள், அவர் தாங்குவார். உங்கள் கூரையைப் பிரிக்க யாராவது வந்தால், என்னைப் போல ஏசிக்கொண்டாவது அவர்களை உள்ளே விடுங்கள்.