மூன்றாம் சரணத்துக்கு ஒரு கடல்

சண்டைக் காலத்தில் ஒரு வருடம், கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் தேவாலயத்தில் அறுப்புப் பண்டிகைப் பாட்டை ஸ்லைடுகளாகச் சுவரில் காட்டத் தீர்மானித்தார்கள். நான்கு சரணம், நான்கு இயற்கைப் படம், ஒவ்வொன்றின் மேலும் பாட்டின் வரிகள். நான் வெள்ளவத்தையில் ஒரு கலர் லாப்பில் வேலை செய்தேன். படம் எடுப்பதும் கழுவுவதும் நான் முறையாகப் படித்த தொழில் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

மழையில் நனைந்த பலாமரம், கால்வாய்க்கரைக் கொக்குகள், களனி ஆற்றின் மேல் விடியல். இந்த மூன்றும் சிரமமில்லாமல் கிடைத்தன. மூன்றாம் சரணம் மட்டும் கடல் கேட்டது. கொந்தளிக்கும் கடலிலும் கைவிடாதவரைப் பற்றிய சரணம் அது.

நான் குடியிருந்ததும் வெள்ளவத்தையில்தான்; எங்கள் ஒழுங்கையின், அந்தச் சிறு தெருவின், முடிவில் கடல் இருந்தது. அதற்கு முன்னால் ரயில் பாதை, முட்கம்பி, காவல் நின்ற ஓர் ஆமிக்காரன். முதல் நாள் அவன் கமராவின் பின்மூடியைத் திறந்து சுருளை வெயிலில் உருவிப் போட்டான். மறுநாள் அடையாள அட்டையை நீட்டி, தேவாலயத்துக்கு என்று சிங்களத்தில் கேட்டேன். "எக்கய்," என்று ஒரு விரலைக் காட்டினான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரேயொரு படம் எடுத்தேன். அலை கறுத்து எழுந்திருந்தது. அதன் குறுக்கே இரண்டு கம்பிகள் ஓடின.

சபைச் செயலாளர் ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எங்களுக்கெல்லாம் அங்கிள்.

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. இந்தக் கம்பியை எடுத்துவிடேலாதோ?"

"ஏலும் அங்கிள். ஆனா எடுக்க மாட்டன். வெள்ளவத்தைக் கடல் இப்ப இப்பிடித்தான்."

"இது துதிப் பாட்டு, பிள்ளை. பேப்பர் நியூஸ் இல்லை. பாக்க வடிவா இருக்க வேணும்."

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அந்த நாட்களில் பயம் எல்லோருக்கும் இருந்தது. அவர் வடிவில்லை என்றார். வருடந்தோறும் அந்தச் சரணத்தைக் கண்மூடிப் பாடுகிறவர், அது எந்த மாதிரிக் கடலைப் பற்றியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஆமிக்காரன் அனுமதித்த படத்தை அவர் அனுமதிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்த தன் மகன் அனுப்பிய ஸ்லைடு ஒன்றைத் தந்தார். பனி மூடிய மலை, கீழே அசைவே இல்லாத ஏரி. அதில் வரிகளை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

ஆராதனையன்று புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். மூன்றாம் சரணம் வந்தபோது ஏரியைப் பெட்டியிலேயே விட்டேன். சுவரில் வெறும் வெள்ளைச் சதுரம் விழுந்தது. சபை ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. வீட்டுக்கு வராத பிள்ளைகளை நினைத்து எத்தனையோ பேர் மனப்பாடமாக்கிய சரணம் அது. அங்கிள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

முடிந்ததும் நேரே வந்தார். "ஸ்லைட் சிக்கிப்போச்சோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். நான்தான் வைக்கேல்லை."

"சபைக்கு முன்னால என்னைப் பேயனாக்கிப் போட்டாய்."

"கடலைப் பாடேக்க குளத்தைக் காட்ட எனக்கு ஏலாது."

ஏரியை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அதன்பின் அங்கே யாரும் என்னிடம் படம் கேட்கவில்லை. கடல் என்னிடம்தான் இருக்கிறது, கம்பியோடு.