சென்ட்-ஆன் கல்லூரியில் நான் வெளியே இருந்த நாற்பது நிமிடம்

மகள் தாரணிக்குப் பதினாறு வயது. பள்ளி ரக்பி அணியில் ஆடுகிறாள். அடுத்த வருடம் கல்லூரி அணியில் இடம் வேண்டுமென்றால் பயிற்றுநர்களை இப்போதே போய்ப் பார்க்க வேண்டுமாம். ஒரு மாதத்தில் சென்ட்-ஆன் மூன்றாவது கல்லூரி. கிழமை முழுக்கப் புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலை செய்து வீங்கிய கால்களோடு, போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை லாசாலிலிருந்து புறப்பட்டேன்.

காரில் போனால் அரை மணிநேரம். எங்களிடம் கார் இல்லை. காலை 8.10க்கு வீட்டை விட்டு, மெட்ரோ எடுத்து, லியோனல்-குரூ நிலையத்தில் இறங்கி 211ஆம் பஸ் ஏறினோம். எனக்கு ஒரு வழிக்கு 3.75 டொலர்; அவளிடம் மாணவர் அட்டை இருந்தது. சாரதி தமிழர்.

“அண்ணை, கல்லூரிக்குக் கிட்ட நிக்குமோ?”

“ஓம், நான் சொல்லுறன். திரும்பேக்க நேரத்தைப் பாத்து வாங்கோ. சனிக்கிழமை பஸ் குறைவு.”

10.05க்கு இறங்கினோம். பயிற்றுநர் ஒரு பெண். கையில் தாரணி பெயரில் போன மின்னஞ்சலின் பிரதி.

“தாதிப் படிப்புக்கு வர ஆசை என்று எழுதியிருக்கிறாய். ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தாரணி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இதை நான் எழுதவில்லை. அம்மா எழுதியது.”

உண்மைதான். அவள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதால், வேலை முடிந்து வந்து ஆறு கல்லூரிகளுக்கு அவள் பெயரில் நானே எழுதினேன். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். பயிற்றுநர் மரியாதையாக என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

கதவுக்கு வெளியே கிடந்த வாங்கில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முதலில் அவள்மேல் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் களைப்பாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டேன். “அந்தப் பயிற்றுநர் என்ன சொன்னவ?”

“மின்னஞ்சலை என்னையே திருப்பி எழுதட்டாம். நீங்கள் எழுதாமல் விட்ட முழங்கால் நோவையும் சொல்லிப்போட்டன்.”

“என்ன படிக்கப்போறாய் எண்டு கேட்டவவோ?”

“ஓம். கணக்கு எண்டு சொன்னன்.”

“எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லை, அம்மா.”

டோர்வால் தாண்டும்வரை கைபேசியில் எழுதினாள். எட்டிப் பார்க்க மனம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதன்கிழமை பதில் வந்தது: வசந்தகாலப் பயிற்சிக்கு வரலாம், இடம் இன்னும் உறுதியில்லை.

போகிறவர்களுக்கு: சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், சனிக்கிழமை சிற்றுண்டிச்சாலை பூட்டு. காயம் இருந்தால் மறைக்க வேண்டாம். மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும், பிழையோடு என்றாலும் பரவாயில்லை. என்ன படிக்க விருப்பம் என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். அந்தப் பயிற்றுநருக்கு நாற்பது நிமிடத்தில் தெரிந்தது, பதினாறு வருடம் கூடவே இருந்த எனக்குத் தெரியாது.