பத்தாவது கையெழுத்து

எங்கள் வீட்டுத் தேத்தண்ணியில் உப்பு ஏறிய வருஷம்தான் நான் வாப்பாவின் கையெழுத்தைக் களவாகப் போட்டேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

புத்தளத்திலிருந்து சிலாபம் போகும் வழியில், ஓயா என்கிற ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே எங்கள் குடியிருப்பு. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்த சனங்கள் போட்ட குடியிருப்பு. நான் அங்கேயே பிறந்தவள். என்றாலும் ஊர்க்காரருக்கு நானும் அகதிப் பிள்ளைதான். எங்கள் கிணறுகளுக்கு அந்த ஓயாதான் நல்ல தண்ணீர் தந்துகொண்டிருந்தது. மணல் அள்ள அள்ள ஆறு பள்ளமாகி, கடல் உள்ளே ஏறி வந்தது. முதலில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு தேத்தண்ணி கரித்தது. உம்மா சீனியைக் கூட்டிப் பார்த்தாள். உப்பும் இனிப்புமாக அது இன்னும் கேவலமாகிப் போனது.

மணல் அள்ளியது யார் என்றால், என் வாப்பாதான். அவரும் இன்னும் பத்துப் பேரும் ஒரு முதலாளியின் ட்ரக்டர்களுக்காக இடுப்பளவு தண்ணீரில், சில நாள் நெஞ்சளவில், நின்று கூடை கூடையாக அள்ளிக் கொடுத்தார்கள். நாங்கள் தின்ற பாண், பருப்பு, நான் காலில் போட்ட சப்பாத்து எல்லாம் அந்த மணலில் வந்தவை. இதையெல்லாம் சேர்த்து யோசிக்கிற மூளை அப்போது எனக்கு இருக்கவில்லை. இருந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

பாடசாலைக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் ஓயாவைக் காப்பாற்றக் கிளம்பினார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எங்களைக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதுவித்து, ஒரு வியாழக்கிழமை ஊர்வலமாகக் கூட்டிப் போனார். “ஓயாவைக் கொல்லாதே! கிணற்றைக் கெடுக்காதே!” கத்தியவர்களில் என் தொண்டைதான் பெரிது. வழியில் குடிக்கத் தந்த தண்ணீர்ப் போத்தல்களை முடித்துவிட்டு, பாலத்திலிருந்து ஓயாவுக்குள்ளேயே வீசினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலம் முடிகிற இடத்தில் மணல் ட்ரக்டர் ஒன்று எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. மணலுக்கு மேலே, இடுப்பில் நனைந்த சாரத்தோடு, வாப்பா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வலது கையைத் தூக்கி ஆட்டினார். அல்லாஹ்வே, அந்தச் சிரிப்பு! நான் கலண்டர் தாளால் முகத்தை மூடிக்கொண்டேன். பின்னால் வந்தவள் விடவில்லை.

“அது உன்ட வாப்பாதானேடி?”

“இல்ல,” என்றேன்.

மறுநாள் டீச்சர் ஆளுக்கொரு தாள் தந்தார். ஆற்றைக் காப்பாற்றச் சொல்லி அரசாங்கக் கந்தோருக்கு மகஜர் போகப்போகிறதாம். ஒவ்வொரு தாளிலும் பத்துக் கோடு, பத்துக் கையெழுத்து. முதலில் சொந்த வீட்டில் வாங்க வேண்டும் என்றார். நான் ஒன்பதை அக்கம்பக்கத்தில் இரண்டே நாளில் வாங்கிவிட்டு, கடைசியாகத்தான் வாப்பாவிடம் போனேன்.

“வேணாம் மகள்,” என்றார். “நாங்க வந்து குந்தின சனம். பேப்பர்ல பேரை வெச்சா, நாளைக்கு அந்தப் பேரைத் தேடி ஆள் வரும்.”

“அப்ப நம்மட கிணறு?”

அவர் இரண்டு கலனை சைக்கிளில் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். தேர்ச்சி அறிக்கையை எடுத்து விரித்து, அதில் வாப்பா வைத்திருந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியின் பின்பக்கத்தில் பழகினேன். சாய்வாக மூன்று எழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள் எதற்கென்று அவருக்கே தெரியாது. கை பழகியதும் பத்தாவது கோட்டில் வைத்தேன். டீச்சர் அதைப் பார்த்து என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பாலத்தில் கேள்வி கேட்டவளை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

இரண்டு கிழமைக்குள் அந்தத் தாளின் ஒரு பிரதி முதலாளியின் கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ட்ரக்டர்களுக்கு ஆள் பிரித்துவிடுகிறவன், வாப்பாவைவிட வயதில் சிறியவன். வாப்பாவை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினான்.

“நானா, இது உங்கட கையெழுத்தா?”

நான் கிணற்றடியில், கிடுகு வேலிக்குப் பின்னால், வாளியும் கையுமாக நின்றேன். வாப்பா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக் கிணற்றுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். நான் சட்டென்று குந்திக்கொண்டேன்.

“ஓம். என்டதான்.”

“வேற யாரும் வெச்சிருந்தா சொல்லுங்க நானா. நாங்க அவங்களோட கதைச்சிக்கிறோம்.”

“நான்தான் வெச்சன் தம்பி. எங்கட கிணறு உப்பாப் போச்சு.”

அப்பாடா, தப்பித்தேன் என்றிருந்தது எனக்கு. கோடும் புள்ளியும் அச்சுப் போல விழுந்ததில் வாப்பாவே ஏமாந்துவிட்டார், எப்போதோ வைத்து மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் என்று நம்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்த ட்ரக்டரும் வாப்பாவை ஏற்றவில்லை. உம்மா பொரிந்து தள்ளினாள்.

“புள்ள குட்டிய வெச்சிக்கிட்டு உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? கையெழுத்து வைக்காட்டி உசிரா போயிடும்?”

வாப்பா தலையைக் குனிந்து, உப்புத் தேத்தண்ணியில் பாணைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து தோய்த்துத் தின்றேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஓயாவின் மேல்பக்கம், கரையைக் குடைந்து மணல் எடுக்கிற இடம் ஒன்று இருந்தது. உயிரில் ஆசையுள்ளவன் அங்கே போகமாட்டான். வாப்பா போனார். இரண்டாவது கிழமை கரை மரத்தோடு சரிந்து விழுந்தது. ஆளை இழுத்தெடுத்துவிட்டார்கள், வலது கை மரத்தடியில் மாட்டிக்கொண்டது. சிலாபம் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மிச்சம் இரண்டும் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

ஓயாவில் மணல் அள்ளுவது ஒருநாள்கூட நிற்கவில்லை. டீச்சர் மாற்றலாகிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. இப்போதும் ஆற்றுக்காக யாராவது தாளை நீட்டினால் வைப்பேன், என் கையெழுத்தை.

அந்தத் தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கை தந்தார்கள். கணக்குக்கு முப்பத்தொன்று. பெற்றோரின் கையெழுத்து வேண்டும். உம்மாவிடம் கொண்டுபோனால் வீடு கூட்டுகிற தும்புத்தடி பறக்கும் என்று பயந்து வாப்பாவிடம் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்தார். இடது கையால் வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டார்.

“நீயே வை மகள். என்ட கையெழுத்து உனக்கு நல்லா வரும்தானே.”

வைத்தேன். சாய்வாக மூன்று எழுத்து, கோடு, இரண்டு புள்ளி. அவர் குனிந்து பார்த்து, “சரியா இருக்கு,” என்றார். முப்பத்தொன்றுக்கு ஒரு ஏச்சுக்கூட விழவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே விளையாட ஓடினேன்.