கலியாணம் கட்டாதவள்

போன கிழமை பக்கத்து வீட்டு டேனிஷ் பெண் என்னிடம் யோசனை கேட்டு வந்தாள். அவர்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளையாம். “நீயும் ஒரு காலத்திலை ஓ பேராய் வந்தவள்தானே. நாங்கள் என்ன செய்யவேணும், சொல்லு” என்றாள். ஓ பேர் என்றால் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்து, சமையலில் கைகொடுத்து, அந்த நாட்டுப் பாஷையும் படிக்கிற பெண். சம்பளம் என்று சொல்லமாட்டார்கள், கைச்செலவு என்பார்கள். வேலைக்காரி என்று சொல்ல வாய் கூசுகிறவர்கள் கண்டுபிடித்த சொல் அது என்பது என் எண்ணம்.

நான் அவளுக்குச் சொன்ன பதில் ஒன்றுதான். “பிள்ளை ஆரின்ரை எண்டு மட்டும் முதல்லை கேளாதை.” அவள் முகம் மாறிவிட்டது. நான் யாரோ ஒரு கள்ளனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்திருப்பாள். உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் மனுசன் தேவையில்லாமல் இருமினார். இந்த மனிதரோடுதான் இத்தனை வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பொய்களையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்து, பத்திரங்களைச் சரிசெய்து, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. ஆனாலும் அந்த ஒரு நாளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ராணுவம் ஊருக்குள் புகுந்து இளைஞர்களை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் கலியாணம் அவசர அவசரமாகக் கோவிலில் நடந்தது. தாலி கட்டியாயிற்று, பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவரைக் கிழக்கு பெர்லின் வழியாக அனுப்பிவைத்தார்கள். அவர் டென்மார்க்குக்கு வந்து அகதியாகப் பதிந்துகொண்டார். என்னை அனுப்பத்தான் வழியில்லை.

வழி காட்டியவர் மன்னார் அக்கா. எங்களுக்குத் தூரத்துப் பழக்கம். டென்மார்க்கில் சில்க்போர்க் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே கூட வேலை செய்த ஒரு தாதி, தன் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேடினார். அக்கா என்னைச் சொல்லிவிட்டார். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. ஓ பேராக வருகிறவள் கலியாணம் கட்டாதவளாக இருக்க வேண்டும். “பதிவு இல்லைத்தானே, குமர்ப்பிள்ளை எண்டே வா. வந்தாப் பிறகு பாப்பம்” என்று அக்கா சொல்லியனுப்பினார். என் புருசனும் இங்கே பொலிஸ் விசாரணையில், தான் தனியாள் என்று சொல்லிவிட்டார். இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் விழும். நான் திரும்ப யுத்தத்துக்குள் போகவேண்டும், பொய் சொன்னவர் என்று அவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக் கழிப்பறையில் தாலிக்கொடியைக் கழற்றினேன். புருசன் செத்தவள் செய்கிற வேலை அது. புருசனிடம் போவதற்காக நான் அதைச் செய்தேன். கொக்கி இலகுவில் கழலவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த அறையில் அழுத அழுகையை என் தாய்க்குக்கூட நான் சொன்னதில்லை.

வீடு நல்ல வீடு. அந்தத் தாதி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் தாதிமாரை மிஸ்ஸி என்போம், நானும் மிஸ்ஸி என்றே கூப்பிட்டேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அவருடைய கணவர் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர். நெடிய மனிதர், அதிகம் பேசமாட்டார். நிலக்கீழ் அறை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிறு காலையில் அக்கா தேவாலயத்துப் பூசைக்குப் போவார், அவருடைய வீட்டுக் கதவுத் திறப்பு எங்களிடம் இருக்கும். என் புருசன் அகதி முகாமிலிருந்து பஸ் பிடித்து வருவார். “நான் உங்களுக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிட்டு வாறன்” என்று அக்கா சிரித்துக்கொண்டு போவார். தாலி கட்டிய புருசனோடு இருக்க எதற்கு மன்னிப்பு என்று எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் திறப்பு அவருடையது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் புருசனுடைய கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன்.

“என்னைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு வந்து உங்களுக்கு முன்னாலை நிப்பாட்டினாலும், நான் குழறி அழுதாலும், இவளை எனக்குத் தெரியாது எண்டுதான் சொல்லோணும். எல்லாம் சொல்லிட்டன் எண்டு நான் சொன்னாலும் நம்பாதையுங்கோ. வெருட்டித்தான் அப்பிடிச் சொல்ல வைப்பாங்கள்.”

“உமக்குப் படம் பாத்துப் பாத்து மூளை கெட்டுப்போச்சு” என்று சிரித்தார். ஆனால் சத்தியம் செய்தார். ஊரில் பிடித்துக்கொண்டு போகிறவர்களை அப்படித்தான் ஆளுக்கு ஆள் காட்டிக்கொடுக்கவைத்தார்கள். பொலிஸ் என்றால் எல்லா நாட்டிலும் ஒன்று என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

வயிறு எந்தச் சத்தியத்துக்கும் கட்டுப்படவில்லை. காலையில் பிள்ளைகளுக்குப் பாணில் ஈரல் பசை பூசிக்கொடுக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். மிஸ்ஸி தாதியல்லவா, ஒரு பார்வை போதும். டாக்டரிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்து, கோப்பி ஊற்றி வைத்துக்கொண்டு, கணவரையும் பக்கத்தில் இருத்தி, மிகவும் அன்பாகத்தான் கதைத்தார்.

“இன்னும் காலம் இருக்கு. நீ விரும்பினால் ஆஸ்பத்திரியிலை எடுத்துவிடலாம். ஒருத்தரும் உன்னைக் குறை சொல்லமாட்டினம். வைச்சிருக்க விரும்பினாலும் நாங்கள் உதவி செய்வம். முடிவு உன்ரை. ஆனால், பிள்ளையின்ரை தகப்பன் ஆர்?”

அது என் முதல் பிள்ளை. ஊருக்குச் சொல்லிச் சந்தோசப்படவேண்டிய செய்தி. நான் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு மேசைவிரிப்பைப் பார்த்தேன். வைச்சிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தகப்பன் யார் என்பதற்கு வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் யாரையாவது சந்தித்தாயா என்று கேட்டார். அங்கே ஒருத்தரையும் சந்திக்கவில்லை, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அவவைக் கேட்கவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்காகப் பொய்க்குப் பொறுப்பு நின்றவர், அவருடைய வேலைக்கும் உலை வைக்கக்கூடாது என்பது என் பயம். மிஸ்ஸி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வெளியே ஒரு ஆணும் இல்லையென்றால், உள்ளே யார்?

அவருடைய கணவர் தன் பாட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை, பாவம். மனைவி முந்திப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது செய்த பழக்கமாம், காலையில் தேத்தண்ணியும் ரஸ்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து என் அறைப் படியில் வைத்துவிட்டுப் போவார். நான் நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். அது எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, முன்னறைச் சோபாவில் தலையணையும் போர்வையும் கிடந்தன. அவருடைய கண்ணாடி பக்கத்தில். மிஸ்ஸி அவருக்குக் கோப்பி ஊற்றவில்லை. பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் சாப்பிட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சொன்னால் நாங்கள் இருவரும் அழிந்தோம். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு போடுகிற வீடு அழிகிறது. அந்தப் பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கிற கத்தி கையில் இருக்க, கடவுளே இப்படியே விழுந்து செத்தால் என்ன என்று நினைத்தேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்தேன்.

அன்று பின்னேரம் மிஸ்ஸி குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நின்றபடியே கேட்டார்.

“என்ரை புருசனா?”

எனக்குத் தெரிந்த இங்கிலீசும் டேனிஷும் எங்கேயோ ஓடிவிட்டன. ஓடிப்போய் நிலக்கீழ் அறையில் ஒளித்துவைத்திருந்த தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினேன். எங்கள் ஆட்கள் யாருக்கும் அதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. இதோ பார், நான் கலியாணம் கட்டினவள், எனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று அது சொல்லிவிடும். அந்தப் பதற்றத்தில், அவரும் அதைப் புரிந்துகொள்வார் என்றே நான் நம்பினேன்.

மிஸ்ஸி கண்டது பாரமான தங்கச் சங்கிலி. அதைக் கையில் வாங்கி நிறை பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே இறங்கியது.

“இவ்வளவு தங்கம். இதை அவர் எனக்குக்கூட ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை.”

அதற்குப் பிறகு நான் என்ன பாஷையில் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் புருசன் இருக்கிறார், இது அவர் கட்டியது, உங்கள் மனுசன் என்னை நிமிர்ந்தும் பார்த்ததில்லை, என் மனுசன் முகாமில் இருக்கிறார், கோவிலில் கட்டினது, தயவுசெய்து, தயவுசெய்து. அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குசினி நிலத்தில் எனக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். முதலில் அழுதார். பிறகு கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

“வயித்திலை பிள்ளை வந்ததை நான் ஒரு சொல் சொன்னனானோ? ஆனால் நீ பாத்துக்கொண்டிருக்க, நான் என்ரை மனுசனைச் சோபாவிலை படுக்க விட்டன். நீ அதைப் பாத்துக்கொண்டிருந்தனி.”

அவருடைய கணவர் வந்தார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்தார்கள். முடிவு இதுதான். நான் கலியாணம் கட்டாதவள் என்று நம்பித்தான் அவர்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தார்கள், இனி என்னை வைத்திருக்க முடியாது. புருசன் இருக்கிறவள் புருசனோடு இருக்கட்டும். முகாமில் கொண்டுபோய் அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கேயே அதிகாரிகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. மறுநாள் என் பெட்டியைக் காரில் ஏற்றினார்கள். மிஸ்ஸி ஓட்டினார், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனது ஆகட்டும், எது வந்தாலும் இருவருமாகச் சேர்ந்து பார்ப்போம் என்று எனக்குள்ளே ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

முகாம் ஒரு பழைய பள்ளிக்கூட விடுதி. அலுவலகத்தில் இருந்த டேனிஷ்காரரிடம் மிஸ்ஸி விசயத்தைச் சொன்னார். அவர் என் புருசனைக் கூப்பிட்டனுப்பினார். இவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், என்னைக் கண்டார். எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக்காரர். மிஸ்ஸி கறுப்புக் கோட்டுப் போட்டு, விறைப்பாக, சிரிப்பே இல்லாத முகத்தோடு நின்றார். பொலிஸ் என்று நினைக்க வேறென்ன வேண்டும்?

“இந்தப் பெண் உம்முடைய மனைவியா?” என்று அலுவலகத்துக்காரர் இங்கிலீசில் கேட்டார்.

“இல்லை. எனக்கு இவவைத் தெரியாது.”

“இஞ்சருங்கோ, எல்லாம் சொல்லிட்டன். இனிப் பயமில்லை. ஓம் எண்டு சொல்லுங்கோ” என்று தமிழில் கத்தினேன். கத்தும்போதே எனக்கு விளங்கிவிட்டது, நம்பாதே என்று நான் சொல்லிக்கொடுத்த அதே சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. “உங்கடை பிள்ளை. பிள்ளையாணை, சொல்லுங்கோ.”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் வெளுத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலாகப் பார்த்து, முன்பின் தெரியாத பெண்ணோடு பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னார்.

“தங்கச்சி, நீங்கள் ஆரையோ தேடி இஞ்சை வந்திட்டியள் போலை.”

தாலி கட்டினவர் என்னைத் தங்கச்சி என்றார். அலுவலகத்துக்காரர் தோளைக் குலுக்கினார். அவர் கணக்கில் நான் கலியாணம் கட்டாத பெண், அந்த முகாமில் எனக்கு இடமில்லை.

மிஸ்ஸி என்னையும் பார்த்தார், என் புருசனையும் பார்த்தார். அவர் என்ன கண்டாரோ, விறைப்பெல்லாம் போய்விட்டது. தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தி, தோளோடு அணைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். “வீட்டை போவம்” என்றார்.

திரும்பி வரும்போது அவர் வாய் ஓயவில்லை. கோவிலில் கூட்டிப்போய் ஒரு சங்கிலியைக் கட்டி ஏமாற்றியிருக்கிறான், பிள்ளை வந்ததும் தெரியாது என்கிறான், எல்லா நாட்டிலும் ஆம்பிளைகள் இப்படித்தான் என்று சொல்லிச் சொல்லித் திட்டினார். அவர் வாயிலிருந்து அப்படியான டேனிஷ் வார்த்தைகளை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிள்ளை பிறக்கும்வரை நீ எங்களோடுதான், யார் வந்து என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்காகச் சண்டை போடத் தயாராகிவிட்டார். இல்லை மிஸ்ஸி, அவர் நான் கேட்டதைத்தான் செய்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார் திரும்பிவிடும். அந்த அலுவலகத்துக்காரருக்கு முன்னால் அவர் பொய்யராக நிற்பார். எனக்கும் என் பிள்ளைக்கும் அன்றைக்குக் கூரை இருக்காது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மிஸ்ஸி ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு மறு கையால் என் கையைப் பிடித்தார்.

“அழு, நல்லா அழு. அவனுக்காக மட்டும் அழாதை” என்றார்.

நான் அவருக்காகத்தான் அழுதுகொண்டிருந்தேன்.